நெல், அரிசி, சோறு: ஸ்வாஹிலிக்கு ஆங்கில வழி எதற்கு?

ஸ்வாஹிலி கற்பிக்கும் ஆங்கிலச் சொற்பட்டியல்களில் உணவுப் பகுதிக்கு வந்தால் ஒரு வேடிக்கை காத்திருக்கும். ம்பூங்கா என்றால் 'ரைஸ்'. இன்னொரு வரியில் ம்ச்செலே, அதற்கும் 'ரைஸ்'. வாலி என்று மூன்றாவது ஒன்று, அதுவும் 'ரைஸ்'தான். கொஞ்சம் அக்கறையாகத் தொகுத்த பட்டியல் என்றால் உமியோடு இருப்பது, உமி நீக்கியது, வேகவைத்தது என்று பக்கத்தில் விளக்கம் இருக்கும். ஆங்கிலேயருக்கு அந்த விளக்கம் வேண்டும். நமக்கு எதற்கு? ம்பூங்கா நெல், ம்ச்செலே அரிசி, வாலி சோறு. அவ்வளவுதான்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. 'ம்குலீமா அனவூனா ம்பூங்கா': விவசாயி நெல் அறுக்கிறார். 'நேந்தா துகானி, நுனூவா ம்ச்செலே கிலோ ம்பீலி': கடைக்குப் போய் ரெண்டு கிலோ அரிசி வாங்கு. 'வாலி உமெயீவா': சோறு வெந்துவிட்டது. மூன்று வாக்கியத்திலும் சொல்லை இடம் மாற்றிப் போட்டால் தமிழில் எவ்வளவு அபத்தமோ ஸ்வாஹிலியிலும் அவ்வளவு அபத்தம். கடைக்காரரிடம் போய் ரெண்டு கிலோ சோறு கேட்பது போல.

வாலி என்பதை 'வலி' என்று குறுக்கிவிடக் கூடாது. ஸ்வாஹிலியில் சொல்லின் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம். அங்கே உயிர் சற்று நீளும். பந்தியில் உட்கார்ந்து 'இன்னும் கொஞ்சம் வலி' என்று கேட்கும் ஆபத்திலிருந்து இந்த விதி நம்மைக் காக்கிறது.

தமிழ் தெரிந்தவர் ஸ்வாஹிலியை ஆங்கிலம் வழியாகப் படிப்பது, மதுரையிலிருந்து மேலூருக்குச் சென்னை வழியாகப் போவது போன்றது. போய்ச் சேரலாம், ஆனால் வழியில் எவ்வளவோ தொலைந்துபோகும். எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்கிறது என்று சொல்ல வரவில்லை. அது தடுக்கி விழும் இடங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் பார்ப்போம்.

ஸ்வாஹிலி என்ற பெயரே கரையைச் சொல்லும் பெயர். அரபியில் சாஹில் என்றால் கடற்கரை. ஸவாஹில் அதன் பன்மை. சோமாலியாவின் தென்கரை தொடங்கி மொசாம்பிக்கின் வடகரை வரை, லாமு, மொம்பாஸா, ஸான்ஸிபார், கில்வா என்று துறைமுகமும் தீவுமாக நீளும் கரையில் வளர்ந்த மொழி இது. அரபுச் சொற்கள் மலிந்திருப்பதால் அரபியின் கிளை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. எலும்பும் நரம்பும் பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அரபு, பாரசீகம், போர்த்துகீசியம், இந்தி, குஜராத்தி, ஆங்கிலம் எல்லாம் கப்பலில் வந்து இறங்கிய சரக்கு. இன்று இதைப் பேசுவோர் 20 கோடிக்கும் மேல் என்று யுனெஸ்கோ சொல்கிறது. அந்த அமைப்பு 2021ல் ஜூலை 7ஆம் நாளை உலக கிஸ்வாஹிலி நாளாக அறிவித்தது. 2022ல் ஆப்பிரிக்க ஒன்றியம் இதைத் தன் பணிமொழிகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

லத்தீன் எழுத்துக்கு வருமுன் பல நூற்றாண்டுகள் இம்மொழி அரபு எழுத்தில் எழுதப்பட்டது. தமிழ் முஸ்லிம்கள் அரபுத் தமிழில் செய்தது போலவே, அரபியில் இல்லாத ஒலிகளுக்குக் குறிகள் சேர்த்துக்கொண்டார்கள். கிடைத்துள்ள மிகப் பழைய ஸ்வாஹிலிக் கடிதங்கள் 1711ஐ ஒட்டி கில்வாவில் எழுதப்பட்டவை. அவை இருப்பது ஆப்பிரிக்காவில் அல்ல, கோவாவின் ஆவணக் காப்பகத்தில். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையைப் போர்த்துகீசியர் கோவாவிலிருந்து ஆண்டதால் காகிதமும் கோவாவுக்கு வந்து சேர்ந்தது.

சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலப் பொருள் எழுதும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஜெர்மானியப் பாதிரியார் லூத்விக் கிராப்ஃப் 1844ல் மொம்பாஸாவில் வந்து இறங்கினார். அவர் தொகுத்த ஸ்வாஹிலி–ஆங்கில அகராதி 1882ல், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. ஸான்ஸிபாரில் இருந்த எட்வர்ட் ஸ்டீர் 1870ல் ஒரு கையேடு வெளியிட்டார். கிராப்ஃப் கேட்டது மொம்பாஸா வழக்கு, ஸ்டீர் கேட்டது ஸான்ஸிபார் வழக்கு. எந்த வழக்கு பள்ளிக்கூடத்துக்குப் போவது என்ற இழுபறி 1928ல் மொம்பாஸாவில் கூடிய மாநாட்டில் ஸான்ஸிபாருக்குச் சாதகமாக முடிந்தது. 1930ல் அமைந்த மொழிக் குழுவின் உழைப்பில், 1939ல் ஃப்ரெடெரிக் ஜான்சன் பெயரில் தர ஸ்வாஹிலி அகராதி வந்தது. சொல்லுக்குச் சொந்தக்காரர்கள் இடப்பக்கம், பொருள் எழுதியவர்கள் வலப்பக்கம். வலப்பக்கத்தில் இருந்தவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள் அல்லது ஆள வந்தவர்கள். வெள்ளைக் குடியேறிகளுக்கென்று எழுதிய சிறு கையேடுகளில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் பெரும்பாலும் கட்டளைகளாக இருப்பதில் வியப்பில்லை. 'லேத்தே மாஜி', தண்ணி கொண்டா. இலக்கணம் உதிர்ந்த அந்தப் பேச்சுக்கு 'கிஸேத்லா', குடியேறி மொழி, என்று பெயரே வந்துவிட்டது.

அடுக்களைக்குத் திரும்புவோம், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஸ்வாஹிலிக் கரை தென்னங்கரை. தென்னை மரம் ம்நாஸி. முற்றிய தேங்காய் நாஸி. இடையில் எத்தனை பருவம்! பிஞ்சாகத் தொங்கும்போது கிதாக்கா, நம் குரும்பை. கொஞ்சம் பருத்தால் கித்தாலே. குடிக்கும் பதத்தில் தாஃபு, நம் இளநீர். இளநீரும் அல்லாமல் தேங்காயும் ஆகாமல் இருக்கும்போது கொரோமா. ஆங்கிலப் பட்டியலில் இவை எல்லாமே ஏதோ ஓர் அடைமொழி ஒட்டிய 'கோக்கனட்'. குரும்பை உதிர்ந்தால் கவலைப்படும் ஊர்க்காரருக்குக் கிதாக்கா என்ற சொல்லின் எடையை யாரும் விளக்க வேண்டியதில்லை. முடைந்த கீற்று மக்கூத்தி. அதைக்கொண்டு கூரை வேய்வார்கள். சிரட்டை கிஃபூ.

தேங்காய் துருவும் கருவிக்குப் பெயர் ம்பூஸி. ம்பூஸி என்றால் ஆடு. தாழ்ந்த மரப்பலகை, முன்னால் கழுத்து நீட்டியது போல ஒரு இரும்பு நாக்கு, அதன் நுனியில் பற்கள். பெண்கள் அதன்மேல் உட்கார்ந்து, அரைமூடித் தேங்காயை இரு கையாலும் பிடித்துச் சுழற்றுவார்கள். ஆடு என்று ஏன் பெயர் வந்தது என்பதற்கு அந்தக் கழுத்தைப் பார்த்தால் போதும். துருவிய பூவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஓலையால் முடைந்த கிஃபூம்பு என்ற சிறு பையில் இட்டுப் பிழிவார்கள். வரும் பால் தூயி. முதல் பிழிவு கெட்டி, அடுத்தது நீர்த்தது. குழம்பில் கெட்டிப்பால் கடைசியில்தான் சேரும். சொதி வைக்கத் தெரிந்த திருநெல்வேலிக்காரரும் யாழ்ப்பாணத்தாரும் இந்தப் பக்குவத்துக்கு அகராதி தேட மாட்டார்கள். தேங்காய்ப்பாலில் வேகும் சோறு 'வாலி வா நாஸி'.

குழம்பு என்று எழுதினேன். ஸ்வாஹிலியில் ம்சூஸி. ஆங்கிலத்தில் இதற்கு 'கிரேவி', 'சாஸ்', 'கறி', 'சூப்' என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள், எதுவும் பொருந்தவில்லை. 'ம்சூஸி வா ஸமாக்கி' மீன் குழம்பு, 'ம்சூஸி வா கூக்கு' கோழிக் குழம்பு. இதைவிடச் சுவையான சொல் கித்தோவேயோ. சோற்றோடு அல்லது உகாலி என்ற மாவுக் களியோடு சேர்த்துக்கொள்ளும் மீன், இறைச்சி போன்றவை கித்தோவேயோ. ஆங்கில அகராதிகள் 'ரெலிஷ்' என்கின்றன. படித்தால் ஏதோ ஊறுகாய் போலத் தோன்றுகிறது. தென்மாவட்டங்களில் வெஞ்சனம் என்பார்களே, அதுதான். 'தொட்டுக்க என்ன?' என்று கேட்கும் குரலில் கித்தோவேயோ முழுமையாக இருக்கிறது.

அடுத்தது உறவு. ஆங்கிலத்துக்கு 'அங்கிள்' ஒன்று, 'ஆண்ட்டி' ஒன்று. ஸ்வாஹிலிக்கு அது போதாது. அப்பாவின் அண்ணன் பாபா ம்கூப்வா. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பெரிய அப்பா'. அப்பாவின் தம்பி பாபா ம்தோகோ, 'சின்ன அப்பா'. அம்மாவின் அக்கா மாமா ம்கூப்வா, தங்கை மாமா ம்தோகோ. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா. அம்மாவின் சகோதரர் வேறு வேர்ச்சொல்: ம்ஜோம்பா, நம் மாமா. அப்பாவின் சகோதரியும் வேறு: ஷங்காஸி, அத்தை. அப்பா பக்கத்து ஆணும் அம்மா பக்கத்துப் பெண்ணும் பெற்றோர் வரிசை, மாமனும் அத்தையும் தனி வரிசை என்ற பாகுபாடு அப்படியே இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு தமிழும் ஸ்வாஹிலியும் ஒரே குடும்பம் என்று கிளம்பிவிடக் கூடாது. உலகின் பல சமூகங்களில் இந்த உறவுமுறை உண்டு, மானிடவியலில் பழக்கமான வகை அது. 'ஷங்காஸி அமெஃபீக்கா' என்ற வாக்கியத்தை 'அத்தை வந்துவிட்டார்' என்று படிப்பதற்கும் 'ஆண்ட்டி வந்துவிட்டார்' என்று படிப்பதற்கும் வீட்டுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

பேரன் பேத்தி ம்ஜுக்கூ. அடுத்த தலைமுறை கித்துக்கூ, அதற்கும் அடுத்தது கிலேம்ப்வே. கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன். கணவனின் சகோதரிக்கும் சகோதரனின் மனைவிக்கும் வீஃபி என்று பெயர். பெண்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் சொல். நாத்தனார் என்றால் பாதி சரி, ஏனெனில் வீஃபி இரு திசையிலும் ஒரே சொல். நாத்தனாருக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் தமிழில் அண்ணி அல்லது தம்பி பெண்டாட்டி. இப்போது இணையம் தரும் வைஃபையும் எழுத்தில் இதே உருவத்தில் வந்து நிற்கிறது. அந்நாட்டுக்காரர்களுக்கு அதில் தீராத நகைச்சுவை.

நாள் கணக்கிலும் இதே கதை. முந்தாநாள் என்பதை ஒரே சொல்லில் சொல்ல ஆங்கிலத்தில் வழியில்லை. ஸ்வாஹிலியில் ஜூஸி. நாளை கேஷோ, நாளை மறுநாள் கேஷோ கூத்வா, அதற்கடுத்த நாள் ம்தோந்தோ, அதற்கும் அடுத்தது ம்தோந்தோகோ. இங்கே ஸ்வாஹிலி நம்மையும் தாண்டிப் போகிறது.

கிழமைகளில் ஒரு புதிர் உண்டு. வெள்ளி தொழுகை நாள், இஜுமா. அதற்கு மறுநாளிலிருந்து எண்ணிக்கை: சனி ஜுமாமோஸி, ஒன்றாம் நாள். ஞாயிறு ஜுமாபீலி, இரண்டு. இப்படியே போனால் புதன் ஜுமாதானோ, ஐந்தாம் நாள். வியாழனுக்கு ஆறு வர வேண்டும். வரவில்லை, அங்கே அரபியிலிருந்து எடுத்த அல்ஹமீஸி நிற்கிறது. அதன் பொருளும் ஐந்தாம் நாள், ஏனெனில் அரபுக் கணக்கு ஞாயிறில் தொடங்குகிறது. ஆக, வாரத்தில் இரண்டு ஐந்தாம் நாள், அடுத்தடுத்து. இரண்டு நாட்காட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டப்பட்ட இடம் அது. எண்களிலும் அதே ஒட்டு: ஒன்று முதல் ஐந்தும் எட்டும் பத்தும் பாண்டு, ஆறு, ஏழு, ஒன்பது (ஸீத்தா, ஸாபா, தீஸா) அரபு, லட்சம் மட்டும் லாக்கி, அது நம் பக்கத்துச் சரக்கு. ஏழுக்கு இருந்த பழைய சொல் ஃபுங்காத்தே வேலை இழந்து போகவில்லை. புதுமணத் தம்பதிகளின் ஏழு நாளைக் குறிக்கப் போய், இன்று தேனிலவுக்குப் பெயராக இருக்கிறது.

மணிக்கு வருவோம். ஸா மோஜா, அகராதிப்படி 'ஒரு மணி'. 'பாஸி லினவொந்தோக்கா ஸா மோஜா அஸுபூஹி' என்று பேருந்து நிலையத்தில் சொன்னால், காலை ஒரு மணிக்குப் பேருந்து புறப்படுகிறது என்று அர்த்தமில்லை. காலை ஏழு மணிக்கு. பொழுது விடிந்து ஒரு மணி ஆகிறது. நண்பகல் ஸா ஸீத்தா, ஆறு. மாலை பொழுது சாய்ந்தபின் மறுபடி ஒன்றிலிருந்து. கடிகாரத்தில் முள் 7ல் நிற்கும், வாய் ஒன்று என்று சொல்லும். நிலநடுக்கோட்டுக்கு அருகே ஆண்டு முழுதும் சூரியன் ஏறத்தாழ ஆறு மணிக்கே உதிப்பதால் இந்தக் கணக்கு பிசகுவதில்லை. வெளிநாட்டுப் பயணிகளுக்கு இது தலைகீழ் மணி. நாழிகையை உதயத்திலிருந்து எண்ணிய நம் தாத்தாக்களுக்கு இயல்பான மணி. உதயாதி பத்து நாழிகை என்று எழுதிய ஜாதகக்காரர் ஸா மோஜாவை உடனே பிடித்துக்கொள்வார்.

தமிழ் வழிப் படிப்பின் முழுப் பலனும் தெரிவது ஒரு வினைச்சொல்லில். பீகா என்றால் அடி. ஆங்கிலப் பட்டியலில் 'ஹிட்', 'பீட்' என்று இருக்கும்; பிறகு விதிவிலக்குகள் என்று இரண்டு பக்கம் ஓடும். பீகா ராங்கி: வண்ணம் அடி. பீகா சாப்பா: அச்சடி. சாப்பா இந்தியிலிருந்து அங்கே போன சொல். முத்திரையைச் சாப்பா என்று சொல்லும் வழக்கம் நம்மிடமும் இருந்தது. பீகா ம்லூஸி: சீட்டி அடி. பீகா சோகா: அரட்டை அடி. பீகா சீமு: போன் அடி. சீமு பாரசீகத்தில் கம்பியைக் குறித்த சொல். தந்தியும் தொலைபேசியும் கம்பியில் வந்ததால் அந்தப் பெயர். தந்தி அடித்த காலம் முதல் நாமும் கம்பியை அடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆங்கிலேயர் மனப்பாடம் செய்ய வேண்டிய இடத்தில் தமிழர் வெறுமனே தலையாட்டலாம். எல்லா அடியும் ஒத்துப்போகாது. பீகா பீச்சா படம் எடுப்பது, பீகா பாஸி இஸ்திரி போடுவது, பீகா கூரா ஓட்டுப் போடுவது. மூன்றில் இரண்டு நம்மிடம் 'போடு'வுக்குப் போய்விட்டன. ஸ்வாஹிலியில் ஓட்டையும் அடிக்கிறார்கள்.

ம்பீச்சி என்பதையும் இதே வரிசையில் சேர்ப்பேன். பச்சை என்ற சொல் எப்படி நிறத்தைத் தாண்டி வேகாதது, பழுக்காதது, காயாதது எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறதோ, அந்த நிறம் தவிர்ந்த பாதி முழுவதும் ம்பீச்சி. பச்சைக் கறி நியாமா ம்பீச்சி. பச்சை விறகு கூனி ம்பீச்சி. மீனைப் பச்சையாக இருக்கும்போதே வளை என்று அவர்களிடம் ஒரு பழமொழி. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நாம் சொல்வதை அவர்கள் கருவாட்டை நினைத்துச் சொல்கிறார்கள். விருந்தாளிக்கு இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு என்பது இன்னொன்று. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதில் நம் மரியாதை. மண்வெட்டியில் அவர்கள் நடைமுறை அறிவு.

தமிழ் தடுக்கும் இடத்துக்கு இப்போது வருகிறேன். ஸ்வாஹிலியில் பெயர்ச்சொற்கள் வகுப்பு வகுப்பாகப் பிரிந்து நிற்கும். தமிழுக்கு உயர்திணை, அஃறிணை என்று இரண்டு திணை. பாண்டு இலக்கணக்காரர்களின் எண்ணிக்கை பதினெட்டு வரை போகிறது. ஒருமைக்கு ஒரு எண், பன்மைக்கு ஒரு எண் என்று கொடுப்பதால் அவ்வளவு. நாம் சொல்லின் கடைசியில் சேர்ப்பதை அவர்கள் தொடக்கத்தில் சேர்க்கிறார்கள். கீத்தி நாற்காலி, வீத்தி நாற்காலிகள். முன்னொட்டு பெயரோடு நிற்பதில்லை. எண், அடை, வினை என்று வாக்கியம் முழுவதும் பரவும். 'கித்தாபு கிமோஜா கிஸூரி கிமெபொத்தேயா': ஒரு நல்ல புத்தகம் தொலைந்துவிட்டது. 'வித்தாபு விவீலி விஸூரி விமெபொத்தேயா': இரண்டு நல்ல புத்தகங்கள் தொலைந்துவிட்டன. இலக்கணமே மோனை போட்டுப் பேசுகிறது.

கித்தாபு அரபுச் சொல்தான், நாம் அறிந்த கிதாபு. அதில் 'கி' முன்னொட்டே இல்லை, வேரின் பகுதி. ஸ்வாஹிலி அதைக் கேட்டவுடன் 'கி'யைப் பிரித்து, பன்மைக்கு வித்தாபு என்று போட்டுவிட்டது. பிற்பாடு சாலைச் சந்தி ரவுண்டானாக்களில் 'கீப் லெஃப்ட்' என்று பலகை வைத்தார்கள். ரவுண்டானாவுக்கே கிபிலேஃப்தி என்று பெயராயிற்று. இரண்டு இருந்தால் விபிலேஃப்தி. கடன் சொல்லைத் தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்ளும் இந்தத் துணிச்சலை ஆங்கிலப் பொருள் எழுதிய பட்டியலில் பார்க்கவே முடியாது. பட்டியலில் ஒருமை மட்டும்தான் இருக்கும்.

திணையில் இன்னொன்று. நாய் வந்தது என்கிறோம், ஆள் வந்தான் என்கிறோம். ஸ்வாஹிலியில் ம்ப்வா அமெகூஜா, ம்து அமெகூஜா. நாய்க்கும் ஆளுக்கும் வினை ஒன்றுதான். மனிதர், விலங்கு எல்லாம் உயர்திணை என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது அந்த ஆட்டை நினைத்துப் பாருங்கள். 'ம்பூஸி வாங்கு யூக்கோ வாபி?' என்றால் என் ஆடு எங்கே. 'ம்பூஸி யாங்கு ஈக்கோ வாபி?' என்றால் என் தேங்காய்த் துருவி எங்கே. பெயர்ச்சொல் மாறவில்லை, கூட வந்த சொற்களைப் பார்த்துத்தான் மேய்வதா துருவுவதா என்று தெரிகிறது.

அதுபோலவே, ம்ஹிந்தி என்றால் இந்தியர். ம்ஹிந்தி என்றால் மக்காச்சோளச் செடியும். பன்மையில் பிரிந்துவிடுவார்கள்: இந்தியர்கள் வஹிந்தி, செடிகள் மிஹிந்தி, கதிர்கள் மஹிந்தி. அமெரிக்காவிலிருந்து வந்த தானியத்தின் தலையில் இந்தியாவின் பெயரைக் கட்டியிருக்கிறார்கள். சிரிக்க வேண்டாம், நாம் அதே தானியத்தை மக்காவோடு சேர்த்துவிட்டோம். மிளகாய்க்கும் இப்படி ஒரு கதை. பிலிபீலி என்பது மிளகைக் குறித்த சொல், நம் திப்பிலியின் தூரத்து உறவு. மிளகாய் வந்து அந்தப் பெயரைப் பறித்துக்கொண்டது. பழைய மிளகு இப்போது பிலிபீலி மாங்கா, அரபு நாட்டுப் பிலிபீலி, என்று அடைமொழி போட்டுக்கொண்டு நிற்கிறது. தமிழில் மிளகு தன் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. புதிதாக வந்ததற்கு 'காய்' சேர்த்து அனுப்பிவிட்டோம்.

இரு கரையிலும் ஒரே கப்பல்கள் நின்றதால் பொதுச் சொற்களும் உண்டு. வாஸ்கோடகாமா 1498ல் மலிந்தியில் நின்றுதான் கோழிக்கோட்டுக்கு வந்தார். அதன்பின் போர்த்துகீசியர் இறக்கிய சொற்களில் மேஸா நம் மேசை, நனாஸி அன்னாசி, லேஸோ லேஞ்சி, பாத்ரி பாதிரி. கோப்போ கோப்பையின் உறவு, அங்கே தகரக் குவளையாகிவிட்டது. சர்ச்சைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படும் கெரேஸா இன்று சிறைச்சாலை. மொம்பாஸாவில் 1590களில் போர்த்துகீசியர் கட்டிய இயேசு கோட்டையைப் பிரிட்டிஷார் 1895 முதல் 1958 வரை சிறையாக வைத்திருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சொல் சரியான இடத்தில்தான் பொருந்தியிருக்கிறது. அரபு, பாரசீக வழியில் வகீலி வக்கீல், தயாரி தயார், ஹஸீனா கஜானா. திவானி அங்கே வார்டு கவுன்சிலர். சமஸ்தானத் திவான்கள் கேட்டால் வருந்துவார்கள். இந்திய வணிகர் கொண்டுபோனதில் ஹூந்தி இன்று காசோலையும் வரைவோலையும். இலங்கைத் தமிழர் இன்றும் உண்டியலில் பணம் அனுப்புகிறோம் என்பார்கள், அதே சொல். அரிசி வாங்கப் போனால் குனியா ஒன்று கேட்கலாம். கோணி கிடைக்கும்.

ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு கொண்டாடக் கூடாது. ஸிம்பா என்றால் சிங்கம். சிம்மம் நினைவுக்கு வரும். ஆனால் ஸிம்பா பழைய பாண்டு வேர், வடமொழிச் சிம்மத்தோடு தொடர்பில்லை. தாதா என்றால் அங்கே சகோதரி. சென்னைப் பேச்சை நினைத்துக்கொண்டு யாரையும் தாதா என்று கூப்பிட வேண்டாம்.

தமிழும் கைவிடும் இன்னொரு இடம்: ஸ்வாஹிலி வினையில் ஆண் பெண் இல்லை. 'ரஃபீக்கி யாங்கு அமெஃபீக்கா, அனகூலா.' நண்பர் ஒருவர் வந்திருக்கிறார், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தோழனா, தோழியா? வாக்கியம் சொல்லாது. தமிழில் 'ஆன்' போடவா, 'ஆள்' போடவா, 'ஆர்' போட்டு மரியாதையில் ஒளிந்துகொள்ளவா? நான் மேலே அத்தை வந்துவிட்டார் என்று எழுதினேனே, அந்த 'ஆர்' ஸ்வாஹிலியில் கிடையாது. மரியாதையை அவர்கள் வினையில் வைப்பதில்லை, முகமனில் வைக்கிறார்கள். பெரியவரைக் கண்டால் சிறியவர் ஷிக்காமோ என்பார். 'காலைப் பிடிக்கிறேன்' என்று பொருள்பட்ட தொடர் தேய்ந்து வந்த சொல். பெரியவர் மரஹாபா என்று ஏற்றுக்கொள்வார். பட்டியல்களில் இதற்கும் 'ஹலோ' என்று எழுதுகிறார்கள். கடையில் 'நதாக்கா சாய்', டீ வேணும், என்பது இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் ஊர்க்காரர் 'நவோம்பா சாய்' என்பார்: டீ கேட்டுக்கொள்கிறேன், இரந்து கேட்கிறேன்.

நான் வெகுநாள் மல்லாடிய சொல் போலே. அகராதியில் 'ஸாரி'. ஒருவர் கல் தடுக்கி விழுந்தால், சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர் போலே என்பார். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பயணி, 'உங்கள் தப்பில்லையே' என்று பதில் சொல்லி அவரைக் குழப்புவார். பயணம் போய் வந்தவருக்கு 'போலே நா ஸஃபாரி'. வெயிலில் மண் வெட்டுகிறவருக்கு 'போலே நா காஸி'. சாவு வீட்டில் 'போலே நா ம்ஸீபா'. மன்னிப்பு எங்கும் இல்லை. பாவம் என்றால் இரக்கம் தூக்கலாகிவிடுகிறது. விடை கிடைத்தது அந்தச் சொல்லில் அல்ல, அதற்குச் சொல்லும் மறுமொழியில். போலே என்று கேட்டவர் நிஷாபோவா என்பார். போவா என்ற வினையும் போலேயும் ஒரே வேர். அடுப்பிலிருந்து இறக்கியது சூடு தணிவதற்கும் அதுதான், மனம் தணிவதற்கும் அதுதான். நிஷாபோவா, ஆறிட்டேன். அதே வினையில் டீக்கடைக்காரர் மேசையைப் பார்த்துச் சொல்வார்: 'சாய் இமெபோவா'. டீ ஆறிப்போச்சு.